பொயின்றை எறிந்துவிட வேண்டாம்

(யாழ்ப்பாணம் கொக்குவிலில் பழைய வாகன உரிமையாளர்களும் தொழில்நுட்ப மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2020 மார்ச்சில் இந்த நாட்டுக்கு வாகனம் இறக்குவது நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் எங்கள் ஒழுங்கைகளில் ஒரு மாற்றத்தைப் பார்த்தோம். பனையோலைக் கொட்டிலுக்குள் கோழி அடைந்து கிடந்த பிக்கப்புகள் வெளியே வந்தன. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், டட்சன் 1200 என்று எல்லாம் கழுவித் துடைத்து, ரயர் மாற்றி, திருநெல்வேலிச் சந்தைக்கு வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றின. அந்த வண்டிக்காரர் என்னிடம் ஓயாமல் கேட்பது ஒரே கேள்வி: "பொயின்றைக் கழற்றிப்போட்டு எலெக்ரோனிக் இக்னிசன் போடலாமோ?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடலாம், போட்டால் நல்லது. ஆனால், றோட்டோரத்தில் ஒரு ஸ்குறூ டிறைவரை வைத்துக்கொண்டு கால் மணித்தியாலத்துக்குள் பழையபடி பொயின்றுக்குத் திரும்பக்கூடியதாகப் போடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன், அதை எப்படிச் செய்வது, இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

பழைய முறையிலிருந்து தொடங்குவோம். அமெரிக்கப் பொறியியலாளர் சாள்ஸ் கெற்றறிங் அமைத்த இந்த முறை 1910 இல் கடிலாக் காரில் வந்தது. பின்னர் பல பத்தாண்டுகளாக உலகத்துப் பெற்றோல் வண்டிகளில் பெரும்பாலானவை இதில்தான் ஓடின. பற்றறியின் 12 வோல்ற் திறப்பு வழியாகக் கொயிலின் முதற்சுருளுக்குப் போகிறது. அந்தச் சுருளின் மறுமுனை டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் பொயின்றுக்கு, அதாவது திறந்து மூடும் தொடுமுனைக்கு, வருகிறது. பொயின்ற் மூடியிருக்கையில், ஏறக்குறைய 3 ஓம் தடையுள்ள சுருளில் 4 அம்பியர்வரை ஓடி, காந்தப்புலம் கட்டுகிறது. நடுவில் சுழலும் காமின் ஒரு முனை பொயின்றைத் தள்ளித் திறந்ததும் மின்னோட்டம் அறுந்து, காந்தப்புலம் சரிந்து, துணைச்சுருளில் பல்லாயிரம் வோல்ற் எழும்புகிறது. ரோற்றர் அதை வாங்கி, முறை எந்தப் பிளக்குக்கோ அதற்குக் கொடுக்கிறது. கொண்டன்சர் என்ற சின்னக் கொள்ளளவி பக்கத்தில் இருப்பதால்தான் பொயின்றின் வாயில் பொறி பறந்து வீணாகாமல் பிளக்கில் பறக்கிறது.

நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இத்தனையும் செக்கனுக்கு 100 தடவை நடக்கிறது. ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையில் 10 மில்லிசெக்கன். அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் பொயின்ற் மூடிக் கிடக்கிறது, கொயில் நிரம்புவதற்கு அது போதும். ஆகவே புதிதாக வாங்கி, இடைவெளியைச் சரியாக வைத்த பொயின்ற், எங்கள் வீதிகளில் ஓடும் வேகத்துக்கு எந்த எலெக்ரோனிக் இக்னிசன் மொடியூலுக்கும் சளைக்காத பொறியைத் தரும். ஏ40 பிக்கப்பின் 1200 சீசி எஞ்சினுக்கு மொடியூல் போட்டு ஒரு குதிரைவலுகூட ஏறப்போவதில்லை. அந்த ஆசையோடு வந்தவர்கள் அதை இங்கேயே இறக்கிவைத்துவிடுங்கள்.

கோளாறு பொறியில் இல்லை, தேய்மானத்தில் இருக்கிறது. பொயின்றின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். காமில் உரசும் பொயின்றின் குதி தேயத் தேய இந்த இடைவெளி சுருங்கும். சுருங்கினால் பொயின்ற் திறப்பது பிந்தும், பொறியும் பிந்தும். வண்டி ஒரேயடியாகப் படுத்துவிடாது. ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறையும், பெற்றோல் கூடக் குடிக்கும். ஓட்டுபவர் அதற்குப் பழகிவிடுவார். இதோடு டிஸ்ரிபியூற்றர் தண்டின் புஷ் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கினால், நான்கு சிலிண்டருக்கும் நான்கு விதமான இடைவெளி. அறுபது, எழுபது வருடம் ஓடிய தண்டு ஆடாமல் இருக்குமா? எலெக்ரோனிக் மொடியூல் உண்மையாக உதவுவது இந்த இடத்தில்தான்.

அதற்குப் போகுமுன் எங்கள் சொந்த வரலாற்றைப் பார்க்கவேண்டும். அதைத் தெரியாமல் இந்த மண்ணில் ஒரு வண்டிக்கு வயறிங் செய்வது சரியென்று எனக்குப் படவில்லை.

1990 யூனில் போர் மறுபடி மூண்டது. மின்சாரம் போனது. பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலில் ஏறின. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து கிடைத்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட அந்த வருடங்களில் ஏ40களும் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றின, சாவீட்டுக்குச் சனத்தை ஏற்றின, கொக்குவில் கொட்டில்களிலிருந்து சுருட்டுப் பெட்டிகளையும் ஏற்றின. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் இந்தக் கார்களை ஒரு காட்சிப்பொருளாகப் பார்த்துப் படம் எடுத்தார்கள். அவை ஏன் ஓடின என்று கேட்டவர்கள் குறைவு.

பெற்றோல் 30 பாகைக்குச் சற்று மேலேயே கொதிக்கத் தொடங்கும் எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு 150 பாகையாவது வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நிற்கும், பற்றாது. அதனால் ஒரு வாய் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அடுத்த தொல்லை, மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. பொறி முந்தினால் எஞ்சின் நொக் பண்ணும், பிஸ்ரன் அடிவாங்கும். ஏ40 இன் அமுக்க விகிதம் 7க்குச் சற்றே மேல் என்பதால் தாங்கியது. இன்றைய எஞ்சின் ஒன்று அதே எண்ணெயில் நொறுங்கிப் போயிருக்கும். தாங்கினாலும் பொறியைப் பின்தள்ளியே ஆகவேண்டும்.

அந்த வண்டிகளில் இருக்கும் லூக்காஸ் டிஸ்ரிபியூற்றரின் பக்கத்தில் வரிவரியாகக் கீறிய ஒரு சின்ன நட் இருக்கிறது. ஒரு பக்கம் 'ஏ', மறுபக்கம் 'ஆர்' என்று குறித்திருக்கும். முந்துவதற்கு ஒரு பக்கம், பிந்துவதற்கு மறுபக்கம். விரலால் சுற்றலாம், சாவிக்கருவி வேண்டாம். பிரித்தானியப் பொறியியலாளர்கள் பெற்றோலின் தரம் மாறும்போது சரிசெய்வதற்கென்று வைத்த அந்த நட், பெற்றோலே இல்லாத ஊருக்கு உதவியது. பொயின்ற் கரியானால் ஒரு சின்ன அரம் போதும். கொண்டன்சர் செத்தால் எந்த வண்டியின் கொண்டன்சரையும் ஒரு வயரால் கட்டி ஓட்டலாம், அவற்றின் அளவு பெரும்பாலும் 0.2 மைக்ரோபரட் அளவில்தான் இருக்கும். பற்றறி தளர்ந்தாலும் முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் பிடிக்கும். அந்தக் காலத்தில் கராஜில் நின்று கையெல்லாம் மண்ணெண்ணெய் மணக்க வேலை செய்தவர்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. உங்களிடம் இருக்கும் அறிவு பிள்ளைகளுக்குப் போகவேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

மொடியூல் அப்படியில்லை, செத்தால் செத்ததுதான். அதை அரத்தால் தேய்க்க முடியாது, திறந்து பார்க்கவும் முடியாது, ஏனென்றால் உள்ளே பிசின் ஊற்றி மூடியிருக்கும். 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றோம். நின்றுபோன ஒரு பொருளுக்காகக் காத்திருப்பது எப்படி என்று இந்தத் தலைமுறையும் அப்போது அறிந்துகொண்டது. ஆகவே திரும்பிப்போகும் வழியை வைத்துக்கொண்டே முன்னேறுங்கள் என்கிறேன்.

சரி, மொடியூல் என்ன செய்கிறது? 1879 இல் எட்வின் ஹோல் என்ற அமெரிக்கர், மின்னோட்டம் பாயும் உலோகத் தகட்டுக்குக் குறுக்கே காந்தப்புலம் வந்தால் தகட்டின் பக்கங்களுக்கிடையில் சிறு வோல்ற் தோன்றுவதைக் கண்டார். இன்றைய எலெக்ரோனிக் இக்னிசன் கிற்றுகள் பலவற்றில் அதே ஹோல் விளைவுதான் குறைகடத்தியில் வேலை செய்கிறது. காமின்மேல் நான்கு காந்தம் பதித்த ஒரு வளையத்தைச் செருகுகிறோம். பொயின்ற் இருந்த இடத்தில் மொடியூல். காந்தம் கடக்கும்போது மொடியூலுக்குள் இருக்கும் திரான்சிஸ்ரர் கொயிலின் ஓட்டத்தை அறுக்கிறது. உரசல் இல்லை, ஆகவே குதி தேய்வதும் இல்லை. தண்டு சற்று ஆடினாலும் பொயின்றைப்போல அவ்வளவு தடுமாறாது. கிறைஸ்லர் 1973 மாதிரிகளிலிருந்து தன் கார்கள் எல்லாவற்றுக்கும் எலெக்ரோனிக் இக்னிசனைப் பொதுவாக்கியது. மற்றவர்களும் அந்தப் பத்தாண்டிலேயே பின்தொடர்ந்தார்கள்.

கிற்றில் பெரும்பாலும் இரண்டே வயர்தான் இருக்கும். இரண்டு வயருக்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்கலாம். ஆனால் எரிந்துபோன மொடியூல்களில் மிகப்பல அந்த இரண்டு வயரைக் கொழுவும் நிமிடத்திலேயே எரிந்தவை.

முதல் விடயம் ஏர்த். 1960களின் பிற்பகுதி வரை வந்த பிரித்தானிய வண்டிகளில் பெரும்பாலானவை நேர் ஏர்த். அதாவது பற்றறியின் நேர் முனை சசியில் பூட்டியிருக்கும். ஏ40 அப்படி, மைனரில் மிகப்பல அப்படி. ஜப்பான் வண்டி என்றால் பெரும்பாலும் மறை ஏர்த். பழைய வண்டியின் வருடத்தைக் கொண்டு மட்டும் முடிவெடுக்காதீர்கள். முப்பது வருடத்துக்கு முன்பு யாரோ வானொலி பூட்டுவதற்காகப் பற்றறியைத் திருப்பியிருக்கலாம். பற்றறியின் எந்த முனையிலிருந்து தடித்த கேபிள் சசிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள், பிறகு மல்ரிமீற்றரால் உறுதிப்படுத்துங்கள். மறை ஏர்த்துக்கான மொடியூலை நேர் ஏர்த் வண்டியில் கொழுவினால் திறப்பைத் திருப்பும் அதே கணத்தில் அது முடிந்தது. நேர் ஏர்த்துக்கென்றே செய்த மொடியூல்கள் கிடைக்கின்றன. அவற்றின் வயர் நிறங்களுக்குப் பொருள் வேறாக இருக்கலாம், ஆகவே அந்தப் பெட்டியோடு வந்த படத்தை மட்டும் பின்பற்றுங்கள்.

வண்டியையே மறை ஏர்த்துக்கு மாற்றுவதும் ஒரு வழி. எல்லோருக்கும் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன், ஆனால் மாற்றுவதென்றால் முழுதாக மாற்றுங்கள். பற்றறியைத் திருப்பியபின் டைனமோவுக்குப் புதிய முனைவைப் பழக்கவேண்டும். அதன் இரண்டு வயர்களையும் கழற்றி, 'எஃப்' முனையில் பற்றறியின் ஏர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரால் சில தடவை தொட்டு எடுத்தால் போதும். அம்பியர் மீற்றரின் வயர்களை இடம் மாற்றவேண்டும். கொயிலின் இரண்டு சின்ன வயர்களையும் மாற்றவேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலர் மறந்துவிடுவார்கள். வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் பிளக்கின் நடுமுனைக்கு மறை மின்னழுத்தம் போகாமல் நேர் மின்னழுத்தம் போகும். சூடான நடுமுனையிலிருந்து இலத்திரன் எளிதாகப் பாயும் என்பதால் அது மறையாக இருக்கவேண்டும். தலைகீழானால் பொறி பாய்வதற்குக் கூடிய வோல்ற் தேவைப்படும்.

அடுத்தது பழைய வயர்கள். ஏ40 இன் வயர்களுக்கு இறப்பர் உறையும் அதன்மேல் பருத்திப் பின்னலும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் அறுபது வருடம் இருந்த செம்பு, உறைக்குள்ளே பச்சைக் களிம்பாகிக் கிடக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது. இதை அறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. பொயின்ற் மூடியிருக்கும் நிலையில் திறப்பைப் போட்டு, பற்றறியின் வோல்ற்றை அளந்து பாருங்கள். உடனே கொயிலின் 'எஸ்டபிள்யூ' முனையில் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ வயர், திறப்பு அல்லது முனை அழுகியிருக்கிறது. ஸ்ராற்றர் சுற்றும்போது பற்றறியே 9, 10 வோல்ற்றுக்கு இறங்கும். அதிலும் வழியில் இரண்டு வோல்ற் தின்னப்பட்டால் சில மொடியூல்கள் வேலை செய்யாது. ஸ்ராற்றர் நன்றாகச் சுற்றும், ஆனால் பொறி வராது. பழி மொடியூலின் தலையில் விழும்.

பழைய வயறிங்கை உடனே பிடுங்கிப் போடாமல் இதைச் சரிசெய்ய ஒரு ரிலே போதும். திறப்பிலிருந்து வரும் பழைய வெள்ளை வயர் ரிலேயை மட்டும் இயக்கட்டும். பற்றறியிலிருந்து ஒரு பியூஸ் வழியாகப் புதிய 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் ரிலேக்கு வந்து, அங்கிருந்து கொயிலுக்கும் மொடியூலுக்கும் போகட்டும். லூக்காஸ் வயறிங்கில் திறப்பிலிருந்து கொயிலுக்கு வருவது வெள்ளை. கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு. இந்த இரண்டாவது வயரை வெட்டாதீர்கள். இரண்டு முனைக்கும் உறை போட்டுச் சுருட்டி, இருந்த இடத்திலேயே கட்டிவிடுங்கள். நாளைக்கு அது தேவைப்படும்.

டட்சன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். கொயிலுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானில் ஒரு தடை பூட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் கொயில் 1.5 ஓம் அளவில் இருக்கும். மொடியூலுக்கான ஊட்டத்தைத் தடைக்கு முன்னாலிருந்து எடுங்கள், முழு 12 வோல்ற் கிடைக்கும். கொயில் தடைக்குப் பின்னாலேயே இருக்கட்டும். தடையைக் கழற்றி எறிந்து 1.5 ஓம் கொயிலை நேரே கொழுவினால் 8 அம்பியர் பாயும், கொயிலும் கொதிக்கும், மொடியூலும் போகும். ஓம் அளக்கும்போது மீற்றரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அவற்றின் சொந்தத் தடையைக் கழித்துவிடுங்கள். இவ்வளவு சிறிய தடையில் அந்த வித்தியாசம் பெரியது.

டிஸ்ரிபியூற்றருக்குள் போவோம். அங்கே உள்தட்டுக்கும் உடலுக்கும் இடையில் ஒரு சின்னப் பின்னல் வயர் இருக்கிறது. பொறியை முந்தவைக்கும் வக்கும் அட்வான்ஸ் தட்டை இழுக்கும்போதெல்லாம் அது மடிந்து விரியும். பல வருடத்தில் உள்ளே இழை இழையாக அறுந்து, ஒன்றிரண்டு இழையில் தொங்கும். வண்டி சும்மா நிற்கும்போது நல்லாக ஓடும், அக்சலறேற்றரை மிதித்தால் தடுமாறும். இதற்குக் காபரேற்றரைக் கழற்றிக் கழுவியவர்கள் எத்தனையோ பேர். பல மொடியூல்கள் ஏர்த் எடுப்பதும் இந்தத் தட்டு வழியாகத்தான். பின்னலைப் புதிதாக்காமல் மொடியூலைப் பூட்டவேண்டாம். கீழே இருக்கும் எடைகளையும் ஸ்பிறிங்குகளையும் அதே கையோடு கழுவி ஒரு துளி எண்ணெய் விடுங்கள். பொறி முந்துவதும் பிந்துவதும் இன்னும் அவற்றின் கையில்தான், மொடியூல் அதில் தலையிடாது.

காந்த வளையத்தின்மேல் ரோற்றர் முழுதாக அமர்கிறதா என்று பார்த்தபின்தான் மூடியைப் போடவேண்டும். பிளக் வயர்களும் மாறவேண்டும். செப்புக் கம்பி வயர்கள் வானொலி அலைபோல இரைச்சலை வீசும், அது மொடியூலைக் குழப்பும். தடையுள்ள வயர் வாங்குங்கள். எஞ்சின் ஓடாமல் திறப்பைப் போட்டபடி விட்டுப்போகவும் கூடாது. சில மொடியூல்கள் அந்த நிலையில் கொயிலின் முழு ஓட்டத்தையும் தாங்கி நின்று வெந்துபோகும். பாட்டுக் கேட்பதற்காகத் திறப்பைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போகும் பழக்கம் உள்ளவர்கள் வானொலிக்கு வேறு வழியில் ஊட்டம் கொடுங்கள்.

இனி, திரும்பிப்போகும் வழி. முழு டிஸ்ரிபியூற்றரையே மாற்றித் தரும் மலிவான எலெக்ரோனிக் வகைகள் சந்தையில் இருக்கின்றன. நான் அவற்றை விரும்பவில்லை. அவற்றில் பெரும்பாலும் நான் சொன்ன அந்த 'ஏ', 'ஆர்' நட் இருக்காது. முந்தும் வளைவும் உங்கள் எஞ்சினுக்கென்று வெட்டியது இல்லை. லூக்காஸ் உடலை வைத்துக்கொள்ளுங்கள். அதில் அடித்திருக்கும் இலக்கம் டிஎம்2வா, 25டி4வா என்று பார்த்து, அதற்கேற்ற மொடியூலை உள்ளே பூட்டுங்கள். கழற்றிய பொயின்ற், கொண்டன்சர், தட்டு, வெளிவயர் நான்கையும் ஒன்றாகப் பூட்டியபடியே, இடைவெளியை வைத்து, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி ஒரு தகரப் பெட்டியில் போட்டு ஆசனத்துக்கு அடியில் வையுங்கள். சென்னை பாடியில் 1961 இல் தொடங்கிய லூக்காஸ்-ரிவிஎஸ் போன்ற இந்தியத் தொழிற்சாலைகள் அம்பாசடர் கார்களுக்காக இந்த வகைப் பாகங்களைப் பல்லாண்டு செய்தன. அப்படிப்பட்ட பொயின்ற் செற்றுகள் இன்னும் கையில் அகப்படும். அகப்படும்போது ஒன்று கூட வாங்கி வையுங்கள்.

பெரும்பாலானோர் செய்யாத ஒரு வேலையும் இருக்கிறது. பொயின்றுக்குச் சரியான ரைமிங் நிலையும் மொடியூலுக்குச் சரியான நிலையும் ஒன்றாக இருக்காது. பொயின்றைக் கழற்றுமுன் டிஸ்ரிபியூற்றர் உடலிலும் எஞ்சின் புளொக்கிலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு போடுங்கள். மொடியூலைப் பூட்டி, ரைமிங் லைற்றைப் பிடித்து, கையேடு சொல்லும் பாகைக்கு வைத்தபின் ஒரு வெள்ளைக் கோடு. கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு நாள் மொடியூல் கைவிட்டால், தகரப் பெட்டியை எடுத்துத் தட்டை மாற்றி, வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு உடலைத் திருப்பி, கட்டிவைத்த வயரைக் கொழுவி வீடு வரலாம். அந்த எஞ்சின்கள் பிறந்தபோது கிடைத்த பெற்றோலைவிட இன்றைய 92 ஒக்டேன் நல்லது. ஆகவே கோடு ஒரு மயிரிழை தவறினாலும் பிழையில்லை, நொக் கேட்டால் நட்டை 'ஆர்' பக்கம் சற்றுச் சுற்றுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய வண்டிகளில் டிஸ்ரிபியூற்றரே கிடையாது, ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு கொயில், எல்லாவற்றையும் கணினி நடத்துகிறது. அதைப் படியுங்கள், உங்கள் சீவியம் அதில்தான். ஆனால் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மெக்கானிக்மார் எங்கள் மத்தியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, எந்த எஞ்சினுக்கு எவ்வளவு பின்தள்ளினார்கள், பிளக் எப்படிக் கரியானது, எண்ணெய் எத்தனை நாளில் தண்ணியானது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வண்டியின் பெயர், வருடம், டிஸ்ரிபியூற்றர் இலக்கம் எல்லாவற்றோடும் எழுதுங்கள். எந்தக் கையேட்டிலும் அது இல்லை.

முற்றத்தில் இரண்டு ஏ40 பிக்கப்பும் ஒரு டட்சனும் நிற்கின்றன. மல்ரிமீற்றரும் ரைமிங் லைற்றும் என்னிடம் இருக்கின்றன. தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் வாருங்கள். மொடியூல் பெட்டி எதையும் இப்போது திறக்கவேண்டாம். பொனற்றைத் தூக்கி, மூன்று வண்டியிலும் எந்த முனை ஏர்த்தில் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.